இருமல் விழுங்கிய எழுத்து

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "பதினைந்து வருடமாக அலுவலகக் கடிதங்களில் 'ஃபார் ஆல் இன்டென்சிவ் பர்ப்பசஸ்' என்று எழுதிவந்தேன். அது 'இன்டென்ட்ஸ் அண்ட் பர்ப்பசஸ்' என்பது போன வாரம்தான் தெரிந்தது. கோளாறு என் காதிலா, ஆங்கிலத்திலா?"

வெட்கப்பட வேண்டாம். 'எல்லா வகையிலும் பார்த்தால்' என்பதுதான் அந்தத் தொடரின் பொருள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதே பிழையைச் செய்கிறார்கள். ஓக் மரத்துக் கொட்டைக்கு 'ஏகார்ன்' என்று பெயர். அதை 'எக்கார்ன்' என்று எழுதிய ஒரு பெண்மணியைப் பற்றி 2003இல் மொழியியலாளர்களிடையே பேச்சு எழுந்தது. கொட்டை முட்டை வடிவத்தில்தானே இருக்கிறது, அவர் கணக்கும் சரிதான்! இந்த வகைப் பிழைக்கு 'எக்கார்ன்' என்றே பெயர் வைத்துவிடலாம் என்றார் மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம், அதுவே நிலைத்துவிட்டது. பாட்டு வரியைத் தப்பாகக் கேட்டால் அதற்கு 'மாண்டகிரீன்' என்று பெயர். ஒரு பழைய ஸ்காட்லாந்துக் கதைப்பாடலில், பிரபுவைக் கொன்று 'லெய்ட் ஹிம் ஆன் தி கிரீன்', அதாவது புல்வெளியில் கிடத்தினார்கள் என்று வரும். அமெரிக்க எழுத்தாளர் ஸில்வியா ரைட் சிறுமியாக இருந்தபோது அவர் காதில் அது 'லேடி மாண்டகிரீன்' என்று விழுந்தது. பிரபுவோடு சேர்ந்து செத்துப்போன அந்தச் சீமாட்டிக்காகப் பரிதாபப்பட்டதை அவர் 1954இல் கட்டுரையாக எழுதினார்.

சரி, ஏன் இப்படி ஆகிறது? ஒலி செவிப்பறையைத் தட்டி, நத்தை எலும்பு வழியாக நரம்புக்குப் போவதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். அங்கே சொல்லாமல் விட்டது ஒன்று: பேச்சில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. எழுத்தில்தான் உண்டு. எங்கே வெட்டுவது என்பது கேட்பவர் பாடு. நன்னூல் 'பொதுமொழி' என்கிறதே, 'வேங்கை' என்றால் புலி, 'வேம் கை' என்று பிரித்தால் வேகின்ற கை, அதே கதைதான். ஆங்கிலத்தில் இந்த வெட்டு தவறிய இடங்கள் சில அகராதியிலேயே ஏறிவிட்டன. சமையலறையில் கட்டும் 'ஏப்ரன்' ஒரு காலத்தில் 'நேப்ரன்'. 'எ நேப்ரன்' என்றதை 'அன் ஏப்ரன்' என்று கேட்டுக் கேட்டு, முன்னால் இருந்த 'ந' ஓடிப்போயிற்று. 'நேடர்' என்ற பாம்பும் அப்படியே 'ஆடர்' ஆனது.

ஆனால் எனக்குப் பிடித்தது வெட்டு அல்ல, ஒட்டு. 1970இல் அமெரிக்காவின் விஸ்கான்சின்-மில்வாக்கியில் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர் ஒரு வாக்கியத்தைப் பதிவுசெய்தார். அதில் 'லெஜிஸ்லேச்சர்ஸ்' என்ற சொல்லின் முதல் 'ஸ்' ஒலியைச் சுத்தமாக நறுக்கிவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை ஒட்டினார். 20 பேருக்குப் போட்டுக் காட்டி, ஏதாவது ஒலி குறைகிறதா என்று கேட்டார். 19 பேர், ஒன்றும் குறையவில்லை என்றார்கள். மீதி ஒருவர் குறைகிறது என்று சொல்லிவிட்டு, வேறோர் ஒலியைக் காட்டினார்! இருமல் கேட்டது, ஆனால் சரியாக எந்த இடத்தில் என்று சொல்ல முடியவில்லை. இல்லாத 'ஸ்' மட்டும் தெளிவாகக் கேட்டது.

அடுத்தது இன்னும் வேடிக்கை. இருமலுக்குப் பின் 'ஈல்' என்ற ஒலி. அது எதன் மேலோ இருந்தது என்று வாக்கியம் போகிறது. நாடாவில் கடைசிச் சொல்லை மட்டும் வெட்டி மாற்றினார்கள். வண்டி அச்சைக் குறிக்கும் 'ஆக்ஸில்' வந்தால் கேட்டது 'வீல்'. 'ஷூ' வந்தால் 'ஹீல்'. 'ஆரஞ்சு' வந்தால் 'பீல்', அதாவது தோல். 'டேபிள்' வந்தால் 'மீல்', சாப்பாடு. அதுவரை ஓடியது ஒரே ஒலிப்பதிவு. அப்படியென்றால், கடைசியில் வந்த சொல் முன்னால் கேட்டதைத் தீர்மானிக்கிறது. மூளை கொஞ்சம் பொறுத்திருந்து, பொருள் தெரிந்த பிறகு ஒலியை நிரப்பி, ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான் கேட்டது என்று நம்மை நம்ப வைக்கிறது. இதற்கு ஆன செலவு ஒரு டேப் ரெக்கார்டர், ஓர் இருமல். இன்றைக்கு நிதி கேட்டுப் போனால் 'இதனால் என்ன பயன்?' என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிடுவார்கள்.

நிரப்புவதற்கு மூளை எடுப்பது ஏற்கெனவே தெரிந்த சொற்களைத்தான். வாசகரே, வேகப் பேச்சில் 'அண்ட்' வெறும் 'ன்' ஆகச் சுருங்கிவிடும். நோக்கத்தைக் குறிக்கும் 'இன்டென்ட்' என்ற பெயர்ச்சொல்லை அன்றாடம் யார் கேட்கிறோம்? 'இன்டென்சிவ் கேர்' என்ற பலகையோ எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலும் தொங்குகிறது.

ஒரு நிபந்தனை உண்டு. இருமலுக்குப் பதிலாக வெறும் மௌனத்தை விட்டால் ஓட்டை சட்டென்று தெரிந்துவிடும். இரைச்சல் இருந்தால்தான் மூளை துணிந்து நிரப்பும். ராத்திரியில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், மூன்று தடவை கூப்பிடும்வரை பதில் சொல்லாதே என்பார் எங்கள் பாட்டி. பேய் ஒரு தடவைதான் கூப்பிடுமாம். எனக்கும் மின்விசிறி இரைச்சலில் என் பெயர் கேட்டிருக்கிறது. நாம் அதிகம் கேட்டுப் பழகிய சொல் நம் பெயர்தானே. பேய் விஷயத்தில் பாட்டியோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மூன்று தடவை கேட்டு உறுதிசெய்துகொள் என்றாரே, அந்தச் சோதனையில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.