ஸ்பானிய வினைகளுக்கு ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போக வேண்டுமா?

மதுரையில் ஸ்பானிய மொழியின் தொடக்கநிலை வகுப்புகளை நடத்தி வருகிறேன். சுற்றுலா வழிகாட்டிகள், வெளிநாட்டில் மேற்படிப்புக்குச் செல்லவிருப்போர், கணினித் துறையில் பணிபுரிவோர் எனப் பலரும் வந்தாலும், ஏறக்குறைய எல்லோரும் இடறுவது வினைச்சொல்லில்தான். ஆங்கிலம் பேசுவோருக்காக எழுதப்பட்ட பாடநூலை வைத்துக்கொண்டு, அவர்களுடைய திகைப்பையும் சேர்த்தே நாம் கற்றுக்கொள்வதே இதற்குக் காரணம் என்பது என் கணிப்பு.

ஆங்கில நிகழ்கால வினையில் 'ஐ ஸ்பீக்', 'யூ ஸ்பீக்', 'வீ ஸ்பீக்' என எழுவாய் மட்டுமே மாறும். 'ஹீ ஸ்பீக்ஸ்' என்னும் ஓரிடத்தில்தான் வினை சற்று அசையும். ஆகவே 6 வடிவங்கள் கொண்ட அட்டவணை அவர்களுக்குச் சுமை. பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம் என்று விகுதியிலேயே ஆளைச் சொல்லிப் பழகிய நமக்கோ, அப்லார் (பேசுதல்) என்னும் வினை ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லா, அப்லாமோஸ், அப்லாயிஸ், ஆப்லான் என்று கிளைப்பது புதிதன்று. மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறி, "வந்துக்கிட்டு இருக்கேன்" என்று வீட்டுக்குச் சொல்பவர் 'நான்' என்று தொடங்குவதில்லை. ஸ்பானியரும் 'யோ' என்னும் சொல்லைப் பெரும்பாலும் அழுத்தமோ தெளிவோ வேண்டும்போதுதான் சேர்ப்பர். கோயிலைச் சுற்றிக்காட்டும் மாணவர் ஒருவர் வாக்கியந்தோறும் 'யோ' போட்டுக்கொண்டிருந்தார். அதே செய்தியைத் தமிழில் சொல்லச் சொன்னேன். ஒரு 'நான்' கூட வரவில்லை.

'ஐ லைக்' என்று நினைத்துக்கொண்டு 'யோ குஸ்தோ' என்று எழுதுவது அடுத்த பிழை. 'எனக்குப் பிடிக்கும்' என்று நினைத்திருந்தால் 'மே குஸ்தா' தானே வந்திருக்கும். இரண்டிலும் விரும்புபவருக்கு நான்காம் வேற்றுமைதான்; ஸ்பானியத்தில் பிடித்த பொருளே எழுவாய். பொருள் பலவானால் மட்டும் 'மே குஸ்தான்' ஆகும். மரியாதைக்குரிய 'உஸ்தெத்' (நீங்கள்) முன்னிலையாக இருந்தும் படர்க்கை வினையை ஏற்பது ஆங்கிலம் வழியாக வருவோரைக் குழப்பும். உணவகத்தில் நம் எதிரே நின்றுகொண்டே "சாருக்கு என்ன வேணும்?" என்று கேட்பவரை நினைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் தமிழும் சில இடங்களில் வழிதவறச் செய்யும். 'ஆப்லான்' என்று கேட்டதும் 'ஆன்' விகுதி என்று மயங்கி ஓர் ஆண்மகனை நினைப்பவர்கள் உண்டு. அதன் பொருளோ 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பது. 'கோமென்' என்பதில் 'ஏன்' விகுதியின் சாயலைக் கேட்டு 'நான் உண்கிறேன்' என்று எழுதுவோரும் உண்டு. அதுவும் 'அவர்கள் உண்கிறார்கள்' என்பதே. அவன், அவள், அவர் மூவருக்கும் வினை ஒன்றே. 'நாம்', 'நாங்கள்' என்னும் வேறுபாடும் அங்கே இல்லை. 'இரு' என்னும் ஒரே வினையை ஸெர், எஸ்தார் என்னும் இரண்டு ஸ்பானிய வினைகளுக்கும் வைத்துக்கொள்வதுதான் இவற்றுள் நீண்டகாலம் தொல்லை தருவது. 'மதுரையில் இருக்கிறேன்' என்பதற்கு எஸ்தார் பொருந்தும். வினையே இல்லாத 'நான் ஆசிரியர்' என்பதற்கு ஸெர் வேண்டும். அந்த அளவில் தமிழே வழிகாட்டுகிறது. ஆயினும் 'அவள் உயரமாக இருக்கிறாள்' என்று நாம் சொல்வதை ஸ்பானியர் ஸெர் கொண்டே சொல்வர்.

வினை ஈறுகள் ஆர், ஏர், ஈர் என 3 வகைதான் என்பதால் அவை ஒரு வாரத்தில் படிந்துவிடுகின்றன. அழுத்தம் அப்படியன்று. மேலே கண்ட 'ஆப்லோ' என்னும் வடிவத்தை முதலசையில் அழுத்தினால் 'பேசுகிறேன்'. கடைசி அசையில் அழுத்தினால் 'அவர் பேசினார்'. எழுத்தில் ஒரு சிறு கோடுதான் வேறுபாடு. தமிழில் அழுத்தத்துக்குப் பொருள் வேறுபாடு இல்லாததால் நம் காது அதைத் தவறவிடும். குறில் நெடிலைத் தவறவிடாது. ஆகவே முதலதை 'ஆப்லோ' என்றும் இரண்டாவதை 'அப்லோ' என்றும் குறிப்பேட்டில் எழுதச் சொல்கிறேன்.