கெரட்டோகோனஸ்: கூம்புக் கருவிழி

'கெரஸ்' என்றால் கிரேக்கத்தில் கொம்பு, 'கோனோஸ்' என்றால் கூம்பு. கண்ணின் முன்புறப் படலத்துக்கு வழங்கும் கார்னியா என்னும் லத்தீன் பெயருக்கும் கொம்புதான் வேர். அரை மில்லிமீட்டர் அளவே தடிப்புள்ள அந்தப் படலம் மெலிந்து, முன்னோக்கிப் பிதுங்கிக் கூம்பாவதே கெரட்டோகோனஸ். 1854-இல் ஆங்கில மருத்துவர் ஜான் நாட்டிங்ஹாம் இதை விரிவாக எழுதியபோது 'கூம்பு வடிவக் கார்னியா' என்றே குறிப்பிட்டார்.

தமிழில் என்ன சொல்வது? பாடநூல்களில் வரும் 'விழிவெண்படலம்' எனக்கு உறுத்துகிறது. கார்னியா வெண்மையானதல்ல, ஒளி ஊடுருவுவது. 'கருவிழி' என்பதும் துல்லியமில்லைதான். கருமை பின்னால் இருக்கும் பகுதிகளுடையது. ஆனாலும் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை என்று ஊரே சொல்லிப் பழகிவிட்டது. ஆகவே 'கூம்புக் கருவிழி' என்பதே என் தேர்வு. 'கருவிழிக் கூம்பல்' வேண்டாம். தாமரை கூம்புவது இதழ் குவிந்து மூடுவது. இங்கோ படலம் புடைக்கிறது.

இந்தப் பெயர் வடிவத்தை மட்டுமே சொல்கிறது. கருவிழி அழற்சி கெரட்டைட்டிஸ், அது வேறு நோய். சிவப்பும் வீக்கமும் வெளிப்படையாகத் தெரியாததால் கெரட்டோகோனஸை நெடுங்காலம் 'அழற்சியற்ற நோய்' என்றே வரையறுத்தார்கள். ஆனால் நோயாளிகளின் கண்ணீரைச் சோதித்த ஆய்வுகளில் இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருள்களும், படலத்தின் கட்டமைப்பை அரிக்கவல்ல எம்.எம்.பி-9 நொதியும் கூடுதலாகக் காணப்பட்டன. கண்ணைக் கசக்கினாலே இன்டர்லூக்கின்-6 கண்ணீரில் ஏறுகிறது. அழற்சி என்ற சொல்லுக்குள் இருப்பது அழல், அதாவது நெருப்பு. வெளியே சிவக்காத கண்ணிலும் அது தணலாகக் கனன்றுகொண்டிருக்கலாம் என்பதால், 'அழற்சியற்ற' என்ற அடைமொழியை இனி அப்படியே மொழிபெயர்த்து எழுதுவது சரியல்ல என்று நினைக்கிறேன்.

அடுத்த சொல் நரம்பு. யாழில் கட்டிய தந்தியையும் தமிழ் நரம்பு என்றே அழைத்தது. கிரேக்க 'நியூரான்' என்பதற்கும் தசைநாண், வில்நாண் என்ற பழம்பொருள்கள் உண்டு. உடலிலேயே நரம்பு மிக அடர்ந்த திசுக்களில் கருவிழியும் ஒன்று. தூசி பட்டதும் நாம் துடித்துப்போவது அதனால்தான். கூம்புக் கருவிழியில் இந்த நரம்பிழைகளின் அடர்த்தி குறைகிறது. படலத்தை அடுக்கடுக்காகக் காட்டும் கன்ஃபோகல் நுண்ணோக்கியில் பார்த்தால், இயல்பான கண்ணில் ஓரளவு நேராக ஓடும் இழைகள் இங்கே கூம்பின் முனையைச் சுற்றி வளைந்து நெளிந்து ஓடுகின்றன. தொடு உணர்வும் மங்குகிறது.