பரம்பரையலகு

இலங்கைப் பாடநூல்களில் 'ஜீன்' என்பதற்கு வழங்கும் சொல் 'பரம்பரையலகு'. தமிழகத்தில் இதையே 'மரபணு' என்கிறார்கள். பிறப்பைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து 1909இல் 'ஜீன்' என்ற பெயரை அமைத்தவர் டென்மார்க்குத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யொஹான்சன். அது எதனால் ஆனது என்று அன்று எவருக்கும் தெரியாது. கணக்கிட உதவும் ஓர் அலகாகவே அவர் அதைக் கருதினார். ஆகவே 'அணு'வைவிட 'அலகு' மிகப் பொருத்தம் என்பேன். 'பரம்பரை' வடசொல், ஒன்றன்பின் ஒன்றாக வருவது என்பது பொருள். தனித்தமிழில் வேண்டுமானால் 'மரபலகு' என்று எழுதலாம்.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் பருத்திருந்தால், "அது பரம்பரை உடம்பு" என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். அதில் உண்மை உண்டு. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டவர்களை ஆராய்ந்து 1986இல் வெளியான ஆய்வில், அவர்களின் உடற்பருமன் பெற்றவர்களை ஒத்திருந்தது, வளர்த்தவர்களை ஒத்திருக்கவில்லை. 2007இல் எஃப்.டி.ஓ. என்ற பரம்பரையலகு உடற்பருமனோடு தொடர்புடையது என்று தெரியவந்தது. அதன் ஒரு வகையைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், அது இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடை கொண்டிருந்தார்கள். பசியும் உண்ணும் அளவும் கூடுவது இதற்கு ஒரு காரணம். இப்படிச் சிறிது சிறிதாக எடையைக் கூட்டும் அலகுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒரே அலகின் பழுதால் குழந்தைப் பருவத்திலேயே கடுமையாகப் பருப்பது மிக அரிது.

ஆனால் அந்த 3 கிலோவுக்கு மேல் ஏறும் எடைக்கெல்லாம் எஃப்.டி.ஓ.வைச் சாட்ட முடியாது. யாழ்ப்பாணத் தமிழருக்குரிய நம் தேசவழமைச் சட்டம் பெற்றோர்வழி வந்த முதுசத்தையும் மணவாழ்வில் சேர்த்த தேடிய தேட்டத்தையும் பிரித்துப் பார்க்கிறது. உடம்பின் கணக்கையும் அப்படிப் பிரிக்க வேண்டும். துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்த அம்மம்மாவின் அலகுகளில் பல பேரனிடமும் இருக்கின்றன. இரண்டு தலைமுறையில் அவை மாறுவதில்லை. மாறியவை நீர் இறைக்கும் மோட்டார், சந்திக்குப் போகவும் எடுக்கும் மோட்டார் சைக்கிள், மாலைத் தேநீரோடு வரும் ரோல்ஸ்.

மரபியலுக்கு நம் பாடநூல்கள் வைத்த பெயர் 'பிறப்புரிமையியல்'. இந்தச் சொல் எனக்கு உடன்பாடில்லை. உரிமை என்றதும் நோயும் பருமனும் பிறப்போடு எழுதித் தரப்பட்ட சொத்துப் போலாகிவிடுகின்றன. மாணவர்களுக்கு 'மரபியல்' என்றே கற்பிக்கலாம்.