‘ஆர்கானிக்’ வீடு இயற்கை வீடு அன்று

உருகுவே நாட்டின் புந்தா பல்லேனா முனையில், கடலை நோக்கிச் சரியும் குன்றின் மீது அடுக்கடுக்காக இறங்கும் காசாபுவெப்லோ விடுதியைப் பற்றிய விளம்பரம் ஒன்றைத் தமிழில் படிக்க நேர்ந்தது. ‘இயற்கை முறையில் வடிவமைக்கப்பட்ட கடற்கரை மாளிகையில் சமுத்திரக் காட்சிகளுடன் தங்குங்கள்’ என்றிருந்தது. ஆங்கிலத்தின் ‘ஆர்கானிக்’, ‘வில்லா’ என்னும் சொற்களே இங்கு ‘இயற்கை’ என்றும் ‘மாளிகை’ என்றும் ஆகியிருக்கின்றன. உடன் படித்த என் அண்ணி, “மண் சுவரா, கீற்றுக் கூரையா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. அந்தத் தமிழ் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் 1958-இல் ஓவியர் கார்லோஸ் பாயெஸ் விலாரோ தொடங்கிப் பல பத்தாண்டுகள் சிறிது சிறிதாக வளர்த்த அந்தக் கட்டடம், வெள்ளையடித்த சிமெண்டுக் கட்டடம்.

‘ஆர்கானிக்’ என்பதன் வேர், கருவியையும் உடலுறுப்பையும் குறித்த ‘ஓர்கனோன்’ என்னும் கிரேக்கச் சொல். கட்டடக்கலையில் அதை நிலைநிறுத்தியவர் அமெரிக்கரான பிராங்க் லாய்டு ரைட். வெளியிலிருந்து ஒட்டவைத்த அழகாக இல்லாமல், உள்ளிருந்து வெளியே வளர்ந்து, நிலத்தோடும் பயனோடும் பொருந்தி, பகுதிகள் யாவும் ஓருடலின் உறுப்புகளாக இயங்கும் கட்டடத்தையே அவர் அச்சொல்லால் குறித்தார்.

இதற்கு ‘இயற்கை’ எப்படிப் பொருந்தும்? தானே அமைந்தது இயற்கை, மனிதன் அமைப்பது செயற்கை என்பது தமிழில் பழகிய எதிர்நிலை. அந்த வகையில் எந்த வீடும் செயற்கையே. ரைட்டின் புகழ்பெற்ற அருவி வீட்டின் முற்றங்கள் நீருக்கு மேல் நீண்டு நிற்பது கம்பி கட்டிய கான்கிரீட்டின் வலிமையால்தான். வேளாண்மையில் ‘இயற்கை’ என்ற சொல் நன்றாக வேரூன்றியிருக்கிறது, அதில் எனக்கு வழக்கில்லை. அங்கே பேச்சு உரத்தைப் பற்றியது. அதையே பெயர்த்தெடுத்து வீட்டின் மேல் வைத்தால், படிப்பவர் வடிவத்தை விட்டுவிட்டுப் பொருளைத் தேடுகிறார். ‘கரிம வடிவமைப்பு’ என்று எழுதுவோர் வேதியியல் பாடநூலிலிருந்து எடுத்திருக்கிறார்கள்; கரியணுவுக்கும் ஒரு குவிமாடத்தின் வளைவுக்கும் என்ன உறவு? ‘அங்கக’ என்பதில் உறுப்பு என்னும் பொருள் இருப்பது உண்மைதான். ஆயினும் அது வடசொல். அரசு அதை வேளாண் சான்றிதழுக்கு ஒதுக்கிவிட்டது. ‘அங்கக வீடு’ என்றால் பத்தில் ஒருவருக்கும் விளங்காது. ஒரே பிறமொழிச் சொல்லுக்கு எல்லாத் துறையிலும் ஒரே தமிழ்ச் சொல்லை வைக்கும் அகராதிப் பழக்கமே இத்தனைக்கும் காரணம்.

என் பரிந்துரை ‘உறுப்பியைபு’. தொல்காப்பியம் செய்யுளுக்கு 34 உறுப்புகளைச் சொல்கிறது; எழுத்தும் அசையும் சீரும் கூடியே பாட்டு உருவாகிறது என்னும் பார்வை நமக்குப் புதிதன்று. அதே நூல் ‘இயைபு’ என்பதையும் அங்கேயே வைத்திருக்கிறது. அதன் இலக்கணப் பொருள் வேறாயினும், ‘பொருந்துதல்’ என்னும் பொதுப்பொருளில் அச்சொல் இன்றும் வழங்குகிறது. காசாபுவெப்லோவைக் கட்டியவர் அதை ஓர்னேரோ என்னும் சிறு பறவையின் மண்கூட்டுக்கு ஒப்பிட்டார். கூட்டில் சுவர் எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. ‘உறுப்பியைபுக் கட்டடக்கலை’ என்னும் தொடர் சொல்வதும் அந்தப் பிரிக்க முடியாமையைத்தான். கலிபோர்னியாவின் கார்மெல் கரையில், பாறை முனையில் கப்பலின் முகப்புப் போல நிற்கும் ரைட்டின் கல்வீட்டுக்கும் அது பொருந்தும்; பொருள் கல்லா, சிமெண்டா என்பது அங்கே இடையூறாக வருவதில்லை.

‘சமுத்திரக் காட்சிகளுடன்’ என்பதையும் விட முடியவில்லை. கிழக்குப் பார்த்த வாசல், தெருவைப் பார்த்த திண்ணை என்று நாள்தோறும் பேசுகிறவர்களுக்கு ‘கடல் பார்த்த அறை’ என்பது எப்படித் தோன்றாமல் போனது? ‘வில்லா’ இருக்கட்டும், அது ஊர்ப்புற வீட்டைக் குறித்த இலத்தீன் சொல், ‘மாளிகை’ என்று அதை உயர்த்தத் தேவையில்லை. அந்த விளம்பரத்தை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: ‘குன்றோடு உறுப்பாய் இயைந்து நிற்கும் வீட்டில், கடல் பார்த்த அறையில் தங்கலாம்.’