உயிரியல் கடிகாரம் அல்ல, உடற்பொழுது

இரவு வேலைக்காரர்களுக்கான உடல்நலக் கையேடு ஒன்றில் மறுபடியும் அந்தத் தொடர்: "இரவு வெளிச்சம் உங்கள் உயிரியல் கடிகாரத்தைப் பாதிக்கும்." சிங்கப்பூரில் தமிழில் வரும் உடல்நலக் குறிப்புகளில் இதை எத்தனை முறைதான் படிப்பது!

இங்கே பேசப்படுவதை ஆங்கிலத்தில் 'சர்க்காடியன்' என்பார்கள்: ஏறக்குறைய ஒரு நாளுக்கு ஒருமுறை திரும்பும் உடலின் ஒழுங்கு. லத்தீனில் 'சிர்கா' ஏறக்குறைய, 'டியேஸ்' நாள். 1959இல் ஆய்வாளர் ஃபிரான்ஸ் ஹால்பெர்க் அச்சொல்லை உருவாக்கினார்.

உயிரியல் என்பது பள்ளியில் படிக்கும் பாடம். வேதியியல், இயற்பியல் போல ஒரு துறையின் பெயர். பாடத்துக்கு ஏது கடிகாரம்? ஆங்கிலத்தில் 'பயாலஜிக்கல்' என்ற ஒரே சொல் துறைக்கும் வரும், உயிருள்ள உடலுக்கும் வரும். மொழிபெயர்ப்பவர் அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டிவிடுகிறார். பெற்ற தாய் 'உயிரியல் தாய்' ஆனது இப்படித்தான். பெற்றவளைச் சொல்லக்கூடவா நம்மிடம் சொல் இல்லை? மனப்பாதிப்பு என்றாலே போதும், அதுவும் 'உளவியல் பாதிப்பு' ஆகிவிட்டது.

சரி, 'உடல் கடிகாரம்' என்று திருத்தலாமா? பாதிதான் சரி. கடிகாரம் என்பது மூளையின் அடிப்பக்கத்தில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் உள்ள நரம்பணுத் திரள். அதன்படி உறக்கமும் பசியும் உடற்சூடும் ஏறி இறங்குகின்றனவே, அந்த ஒழுங்குக்குத்தான் பெயர் வேண்டும். '24 மணிநேரச் சுழற்சி' என்பதும் பொருந்தாது. மனிதருக்கு அது சராசரியாக 24 மணிநேரத்தைவிடச் சற்றுக் கூடுதல். பகல் வெளிச்சம்தான் தினமும் அதை நேராக்குகிறது.

'உடற்பொழுது' என்பேன். பொழுது நமக்கு நேரமும்தான், சூரியனும்தான். பொழுது சாய்ந்தது என்கிறோம். வைகறை, யாமம் என்று நாளை ஆறு சிறுபொழுதாகப் பிரித்த மொழி இது. இரவில் நீலம் மிகுந்த வெளிச்சம் பட்டால், விழித்திரையில் மெலனாப்சின் என்ற ஒளியுணர் நிறமி உள்ள அணுக்கள் மூளைக்குச் சேதி சொல்லும். இரவானதை உடலுக்குச் சொல்லும் மெலட்டோனின் என்ற இயக்குநீரின் சுரப்பு குறையும். உடலைப் பொறுத்தவரை பொழுது இன்னும் சாயவில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் தாழ்வார விளக்கு விடிய விடிய ஜன்னல் வழியே கட்டிலில் விழுந்தால் உறக்கம் கெடுவது இதனாலும் இருக்கலாம்.

அதே கையேட்டில் 'இரவு விளக்கு புற்றுநோய் தரும்' என்றும் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவை 2007இலும் 2019இலும் சொன்னது இரவுநேரப் பணியைப் பற்றி. அது புற்றுநோயை 'அநேகமாக' உண்டாக்கக்கூடியது என்றது. பணி விளக்காக மாறிவிட்டது, 'அநேகமாக' காணாமல் போய்விட்டது. சாங்கியில் இரவு ஷிப்ட் பார்ப்பவர் இதைப் படித்தால், வீட்டு விளக்கை அணைத்தாலே போதும் என்று நினைத்துக்கொள்வார்.