இரண்டு, மூன்று, இரண்டு: கிழக்கு ஐரோப்பியத் தொழிலாளர் மீதான ஏழாண்டுக் கட்டுப்பாடு

2004 மே 1 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பத்து நாடுகளில் போலந்து, செக் குடியரசு, ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, ஸ்லோவேனியா, எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகிய எட்டும் கம்யூனிச ஆட்சியிலிருந்து மீண்டவை. அன்று முதல் போலந்துச் சரக்கு தடையின்றி ஜெர்மனிக்குள் போகலாம். போலந்துக் குடிமகனும் போகலாம், தங்கலாம். ஆனால் அங்கே ஒரு முதலாளியிடம் சம்பளத்துக்குச் சேர வேண்டுமானால், 2011 ஏப்ரல் 30 வரை அவர் வேலை அனுமதி வாங்கியாக வேண்டியிருந்தது. சேர்க்கை உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டிருந்த இந்த இடைக்கால ஏற்பாட்டுக்கு ‘இரண்டு, மூன்று, இரண்டு’ என்று பெயர்.

முதல் இரண்டு ஆண்டுகளில் பழைய உறுப்பு நாடு ஒவ்வொன்றும் தன் சொந்தச் சட்டப்படி இந்த எட்டு நாட்டுத் தொழிலாளர்களைக் கட்டுப்படுத்தலாம். அடுத்த மூன்றாண்டுகளுக்கு அதை நீட்டிக்க ஐரோப்பிய ஆணையத்துக்குத் தெரிவித்தால் போதும். கடைசி இரண்டாண்டுகளுக்கு மட்டும், உள்நாட்டு வேலைச் சந்தை கடுமையாகப் பாதிக்கப்படுகிறது அல்லது பாதிக்கப்படும் அபாயம் இருக்கிறது என்ற காரணம் வேண்டும். ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஏழாண்டுகளையும் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டன. அயர்லாந்தும் சுவீடனும் பிரிட்டனும் முதல் நாளே கதவைத் திறந்தன.

கட்டுப்பாட்டுக்கும் வரம்பு இருந்தது. உடன்படிக்கை கையெழுத்தான 2003 ஏப்ரல் 16 அன்று இருந்த நிலையைவிட விதிகளைக் கடுமையாக்கக் கூடாது. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவரைவிடப் புதிய உறுப்பு நாட்டவருக்கு முன்னுரிமை தர வேண்டும். ஒரு நாட்டில் சட்டப்படி பன்னிரண்டு மாதங்கள் இடைவிடாமல் வேலை பார்க்க அனுமதி பெற்றவருக்கு அந்த நாட்டில் பிறகு தடை கிடையாது.

பிரிட்டன் திறந்த கதவிலும் ஒரு பதிவேடு வைத்திருந்தது. வேலையில் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் உள்துறையிடம் பதிய வேண்டும். கட்டணம் தொடக்கத்தில் 50 பவுண்டு, பின்னர் 90 பவுண்டு வரை ஏறியது. பன்னிரண்டு மாதம் முடிவதற்குள் முதலாளி மாறினால் மறுபடியும் பதிய வேண்டும். உள்துறைக்காகச் செய்யப்பட்ட ஆய்வொன்று ஆண்டுக்கு 5,000 முதல் 13,000 பேர் வரை நிகரமாக வரக்கூடும் என்று மதிப்பிட்டிருந்தது. 2011க்குள் ஏற்கப்பட்ட விண்ணப்பங்கள் பத்து இலட்சத்தைத் தாண்டிவிட்டன. மற்ற பெரிய நாடுகளும் அதே நாளில் திறக்கும் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ள முக்கியமான செய்தி, அது சம்பள வேலையை மட்டுமே தடுத்தது என்பதுதான். சுயதொழிலுக்கு அது பொருந்தாது. 2004 தொடக்கத்தில் ஜெர்மனி தன் கைத்தொழில் சட்டத்தைத் திருத்தி, தரை ஓடு பதிப்பது உள்ளிட்ட 53 தொழில்களுக்குத் தலைமைக் கைவினைஞர் சான்று தேவையில்லை என்றாக்கியிருந்தது. எனவே கட்டுமான நிறுவனத்தில் கூலிக்குச் சேர முடியாத போலந்து ஓடு பதிப்பாளர், தன் பெயரில் ஒரு தொழிலைப் பதிவு செய்துகொண்டு அதே வேலையைச் செய்யலாம். போலந்து நிறுவனமே தன் ஆட்களை அனுப்பிவைப்பது இன்னொரு வழி. கட்டுமானம், கட்டடத் துப்புரவு போன்ற சில துறைகளில் ஜெர்மனி இதையும் தடுத்தது. இறைச்சி வெட்டும் கூடங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஜெர்மனியில் நாடு முழுவதற்குமான குறைந்தபட்சக் கூலி 2015இல்தான், மணிக்கு 8.50 யூரோ என்று வந்தது. ஆகவே கட்டுப்பாடு ஆட்கள் வருவதை நிறுத்தவில்லை. அவர்கள் எந்தப் பெயரில், எந்தப் பாதுகாப்பில் வேலை செய்தார்கள் என்பதையே மாற்றியது என்பது என் கருத்து.

சொந்த நாட்டிலும் நிலைமை இதற்கு நெருக்கமானதே. வேலையின்மை 20 விழுக்காட்டை ஒட்டியிருந்த அந்த ஆண்டுகளில், வேலைச் சந்தையை நெகிழ்வாக்குவது என்பது போலந்தில் பெரும்பாலும் நிரந்தர வேலைக்குப் பதிலாகக் குறுகிய கால ஒப்பந்தங்களாகவும், தொழிலாளர் சட்டத்துக்கு வெளியே குடிமைச் சட்டத்தின் கீழ் எழுதப்படும் ஒப்பந்தங்களாகவும் முடிந்தது. போலந்து மக்கள் இவற்றைக் ‘குப்பை ஒப்பந்தம்’ என்றே அழைத்தார்கள். அவற்றில் ஒரு வகைக்கு மணிக்கு 13 ஸ்வோட்டி (போலந்து நாணயம்) என்ற குறைந்தபட்சக் கூலி 2017 ஜனவரியில்தான் வந்தது.

2007இல் சேர்ந்த பல்கேரியாவுக்கும் ருமேனியாவுக்கும் இதே ஏழாண்டு முறை 2013 இறுதி வரையிலும், 2013 ஜூலையில் சேர்ந்த குரோஷியாவுக்கு 2020 ஜூன் வரையிலும் இருந்தது.

வேலையின் பெயர் என்ன என்பது ஓய்வூதியத்தின்போது மறுபடி தலைகாட்டுகிறது. ஒன்றிய விதிப்படி, வெவ்வேறு நாடுகளில் காப்பீடு கட்டிய ஆண்டுகள் தகுதிக்காகக் கூட்டப்படும். ஒவ்வொரு நாடும் தன் பங்கைத் தனியே வழங்கும். ஜெர்மனியில் ஓய்வூதியத்துக்கு ஐந்தாண்டு காப்பீடு வேண்டும். மூன்றாண்டு அங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்து, பன்னிரண்டு ஆண்டு போலந்தில் காப்பீடு கட்டியவருக்கு அந்த மூன்றாண்டுக்கான ஜெர்மன் ஓய்வூதியம் உண்டு. ஆனால் போலந்து நிறுவனத்தால் அனுப்பிவைக்கப்பட்டு, தாய்நாட்டிலேயே காப்பீடு கட்டப்படுகிறது என்ற சான்றிதழோடு ஜெர்மனியில் உழைத்த காலம் போலந்துக் கணக்கில்தான் ஏறும். ஜெர்மனியிடமிருந்து அதற்கு எதுவும் வராது.