"ரோபோ அடித்துவிட்டது" என்று இனி எழுதாதீர்கள்

போன மாதம் ஒரு நாள் விடியற்காலை நான்கரை மணிக்கு போன் வந்தது. "சார், ரோபோ ஒரு பையனை அடிச்சிடுச்சு." பேசியவர் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் ஷிப்ட் இன்சார்ஜ். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள தொழிற்சாலைகளில் ரோபோ செல்களின், அதாவது வேலி போட்டு ரோபோவை இயக்கும் இடங்களின், பாதுகாப்பைச் சோதிப்பதுதான் 18 வருடமாக என் வேலை. இந்த வாக்கியத்தை எத்தனையோ பேர் வாயால் கேட்டாகிவிட்டது. இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

பையனுக்கு 22 வயது. ஐடிஐ முடித்து, கான்ட்ராக்டில் சேர்ந்து ஏழு வாரம்தான் ஆகிறது. தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ்ஸுக்குத் தகடு எடுத்துக் கொடுக்கும் ரோபோ அது. தகட்டைப் பிடித்து வைக்கும் ஃபிக்ஸ்சரில் ஒரு தகடு கோணலாக உட்கார்ந்ததால் ரோபோ அசையாமல் நின்றது. இவன் வேலிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், தகட்டைத் தட்டி நேராக்கினான். தகடு சரியாக உட்கார்ந்த அந்த நொடியே ரோபோ தன் வேலையைத் தொடர்ந்தது. வலது மணிக்கட்டும் மூன்று விரல்களும் நசுங்கிவிட்டன.

"ஆள் உள்ளே இருந்தா அதுக்குத் தெரியாதா சார்? இவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருக்கோமே!" இதை என்னிடம் கேட்டவர் புதிதாகச் சேர்ந்தவர் அல்ல, மேனேஜர். தெரியாது. திரும்பவும் சொல்கிறேன், தெரியாது. கையிலிருக்கும் போன் நம் முகத்தை அடையாளம் கண்டுகொள்கிறது, சில கார்கள் ஆள் குறுக்கே வந்தால் தானே பிரேக் போடுகின்றன. அதனால் ரோபோ என்றாலே கண்ணும் அறிவும் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். வேலிக்குள் நிற்கும் சாதாரணத் தொழிற்சாலை ரோபோவுக்கு மனிதன் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அதில் கேமரா இருந்தால்கூட அது பாகம் எங்கே இருக்கிறது என்று தேடும் கேமரா. மனிதனைக் காப்பது வேலியும், கதவு திறந்தால் ரோபோவை நிறுத்தும் இன்டர்லாக்கும்தான்.

இன்னொன்று: அசையாமல் நிற்கும் ரோபோ அணைந்துவிட்டது என்று நினைப்பது. அது பெரும்பாலும் ஒரு சிக்னலுக்காகக் காத்திருக்கிறது. "பாகம் வந்தாச்சு" என்று சென்சார் சொன்னால் கிளம்பிவிடும். அந்தப் பையன் தகட்டைத் தட்டியபோது, தன்னை அறியாமல் தானே அந்த சிக்னலைக் கொடுத்துவிட்டான். விபத்து அறிக்கையில் "ரோபோ எதிர்பாராமல் இயங்கியது" என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியை அடித்து நீக்கிவிட்டேன். புரோகிராமில் எழுதியது எதுவோ அதைத்தான் அது செய்தது.

சரி, கதவைத் திறந்ததும் ஏன் நிற்கவில்லை? கதவில் ஒரு சாவி இருக்கும், தூணில் ஒரு சுவிட்ச் இருக்கும். கதவு திறந்தால் சாவி சுவிட்சிலிருந்து கழன்று ரோபோ நின்றுவிட வேண்டும். இங்கே ஸ்பேர் சாவி ஒன்றை சுவிட்சில் செருகி, கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள். கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாகவே ரோபோவுக்குச் செய்தி போகும். யார் கட்டியது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. கம்பியில் துருப் பிடித்திருந்தது.

என் தூக்கத்தைக் கெடுப்பது அந்தக் கம்பிதான். கதவைத் திறந்தால் ரீசெட் செய்து லைனை மறுபடி ஓட்ட இரண்டு நிமிடம் ஆகும். தகட்டைச் சரியான இடத்தில் உட்கார வைக்கும் ஃபிக்ஸ்சரின் லொகேட்டிங் பின் தேய்ந்து போனதால் ஒரு ஷிப்டில் முப்பது தடவை தகடு கோணலாகிறது. ஆக ஒரு மணி நேர உற்பத்தி போகிறது. பின்னை மாற்றுவதற்குப் பதில் சாவியைக் கட்டினார்கள். ஒரு மணி நேரம் முக்கியமா, ஒருவன் கை முக்கியமா என்று கேட்டிருந்தால் அங்கே யாரும் தவறாகப் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படி யாரும் கேட்கவே இல்லை. டார்கெட் முடிந்ததா என்று மட்டும் கேட்டார்கள். சாவியைக் கட்டியவர் உள்ளே போவதில்லை, டார்கெட் போட்டவரும் போவதில்லை. போவது ஏழு வாரப் பையன். ரோபோ வந்தால் மனிதன் என்ன ஆவான் என்று மேடைகளில் பேசுகிறோம். எனக்கு அந்தக் கேள்வி இந்த வேலிக் கதவில்தான் இருக்கிறது.

இது புதுக் கதையும் இல்லை. 1979 ஜனவரி 25 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஃபிளாட் ராக் ஃபோர்டு ஆலையில், பாகங்களை எடுக்க அலமாரி மேல் ஏறிய 25 வயதுத் தொழிலாளி ரோபோ மோதி இறந்தார். 1983-இல் அவர் குடும்பத்துக்கு 1 கோடி டாலர் கொடுக்கச் சொல்லி ஜூரி தீர்ப்பளித்தது, அந்த இயந்திரத்தைச் செய்த நிறுவனத்துக்கு எதிராக. 1981-இல் ஜப்பானின் அகாஷியில், கவாசாகி ஆலையில், வேலியைத் தாண்டி ரோபோவைச் சரிசெய்யப் போன ஒருவர் இறந்தார். ஆபத்தான இயந்திரத்துக்கு வேலி வேண்டும் என்று நம் நாட்டின் 1948 தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது.

"நாங்க கோபாட் வாங்கிட்டோம், வேலியே வேண்டாம்" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கோபாட் என்பது மனிதர் பக்கத்திலேயே வேலை செய்ய வடிவமைத்த ரோபோ. கோபாட் மெதுவாக மோதி நின்றுவிடலாம். அது பிடித்திருக்கும் தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி இருந்தால்? கையில் இருப்பதையும் சேர்த்துத்தான் ஆபத்தைக் கணக்கிட வேண்டும்.

உள்ளே போவதென்றால் மெயின் சுவிட்சை அணைத்து, உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். காற்றழுத்தத்தையும் வெளியேற்றுங்கள், கரண்ட் போனாலும் பாகத்தைப் பிடிக்கும் ரோபோவின் கை, கிரிப்பர், கடிக்கும். ரோபோவுக்கு அசைவுகளைக் கற்றுக்கொடுக்கும் டீச்சிங் செய்யும்போது, அதை இயக்கும் கைக்கருவியான பெண்டண்ட் உங்கள் கையிலேயே இருக்கட்டும், வேகம் நொடிக்கு 250 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. பெண்டண்டின் பின்பக்க பட்டனை விட்டாலும் நிற்கும், இறுக்கி அழுத்தினாலும் நிற்கும். பயத்தில் சிலர் கையை விட்டுவிடுவார்கள், சிலர் இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள் என்று தெரிந்து வடிவமைத்தது அது. அதை டேப் போட்டு ஒட்டி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் தலைக்கு ஏறுகிறது.

புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளே, "எல்லாரும் அப்படித்தான் போறாங்க" என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். லைன் நிற்கட்டும். திட்டினால் திட்டட்டும்.

சூப்பர்வைசர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று ஷிப்டுக்குப் போனதும் உங்கள் செல்லின் கதவைத் திறந்து பாருங்கள். ரோபோ நிற்கவில்லை என்றால் லைனை நிறுத்திவிட்டு, சுவிட்சில் செருகியிருக்கும் அந்தச் சாவியை உங்கள் கையாலேயே உருவி எடுங்கள்.